அவிழ்க்கக் கூடாத கட்டு

லோடு ஆட்டோ ஓட்டும் என் தம்பி, மணிமுத்தாறு போய்த் திரும்பும்போது பைக்கோடு விழுந்து வலது காலை முறித்துக்கொண்டான். நேரே நாங்குநேரிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். எங்கள் வீட்டில் யாருக்கு எலும்பு முறிந்தாலும் அவரிடம்தான். முட்டையும் பச்சிலையும் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி அனுப்பினார். அவர் கட்டியதை அவரேதான் அவிழ்க்க வேண்டும், வேறு கை பட்டால் எலும்பு கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மறுநாள் காலை தச்சநல்லூர் வீட்டில் கிடந்து கதறினான். எந்த மாத்திரைக்கும் வலி மசியவில்லை.

"யக்கா, காலு வெடிச்சிரும் போல இருக்கு. பெருவிரல் பக்கம் தொட்டா தெரியல."

கத்தரிக்கோலை எடுத்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். "ஏட்டி, கெட்டுனவரு கையாலதான் அவுக்கணும். எம்பிள்ளைய நொண்டியாக்கிராத."

வைத்தியருக்குப் போன் போட்டேன். "வலிக்கத்தாம்மா செய்யும். எலும்பு கூடுதுல்லா? நாளைக்கு வாரேன்" என்றார். நானும் அடங்கிப்போனேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள் நான்! இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மதியம் அவன் கத்தக்கூடத் தெம்பில்லாமல் முனகினான். அம்மாவைத் தள்ளிவிட்டுக் கட்டை வெட்டினேன். முழங்காலுக்குக் கீழே கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் அவன் கால்விரலைப் பைய கீழே வளைத்தார். அவன் போட்ட அலறலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"உள்ள சதை வீங்கி, விரிய இடமில்லாம நெரியுது. சதைக்கு ரத்தம் போகல. பாதத்துல நாடி கிடைக்குதுன்னு ஏமாந்திரக் கூடாது. காலைலயே ஏன் கூட்டிட்டு வரல?"

உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோய், காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்துவிட்டார்கள். கால் பிழைத்தது. பாதத்தை மேலே தூக்கும் சதை மட்டும் செத்துப்போயிருந்தது. பிரேக்கில் வைத்தால் எடுக்க வராத காலை வைத்துக்கொண்டு எந்த வண்டியை ஓட்டுவது?

இரண்டு மாதம் கழித்து வைத்தியர் பழப்பையோடு பார்க்க வந்தார். "வாங்க அண்ணாச்சி" என்று மரியாதைக்கு எழுந்த தம்பி, விரல் பாயில் தடுக்கிச் சரிந்தான்.

வைத்தியர் உச்சுக்கொட்டினார். "ஒரு நாளு பொறுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவருக்குக் காபி போட உள்ளே போனாள். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.