எரியாத புத்தகக் கட்டு

எரியாத ஒரு புத்தகக் கட்டை எரிந்துவிட்டது என்று சொன்னேன். எரித்தவர் இன்னார் என்று ஒரு பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கட்டு அப்போது என்னிடம் பத்திரமாக இருந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு தவறும் செய்யவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்ன நினைத்தாலும் சரி...

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளெல்லாம் மறிக்கப்பட்ட நாட்கள் அவை. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்வராயன் மலையில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தின் அருகே அப்பாவுக்குப் பத்திரிகைக் கடை இருந்தது. விடுமுறை நாட்களில் அதை நான் பார்த்துக்கொள்வேன். கடைக்கு வரும் படக்கதைப் புத்தகங்களைப் படித்தேன் என்பதைவிடச் சேர்த்தேன் என்பதே சரி.

அந்த ஆண்டு ஒரு பதிப்பகம் தன் பண்டிகை மலரை இரண்டு அட்டைகளில் அச்சிட்டது. உள்ளே ஒரே கதை, ஒரே தாள். எல்லோருக்கும் மஞ்சள் அட்டை. கறுப்பு அட்டை மொத்தமே பத்துதான்; முதலில் கேட்கும் முகவருக்கு இருபது பிரதிக்கு ஒன்று வீதம். அதை மறுபடி அச்சிடவே மாட்டோம் என்று அறிவிப்பு வேறு! எங்கள் ஊரில் அறுபது பிரதி விற்றால் அதிகம். நான் இருநூறு கேட்டு எழுதினேன்... பத்துக் கறுப்பு அட்டைகளுக்காக.

சேலத்திலும் புதுச்சேரியிலும் என்னைப் போலச் சேர்ப்பவர்கள் இருந்தார்கள். கடிதத்தில்தான் பழக்கம். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை என்று தெரிந்தால் வைத்திருப்பவருக்கு மனதுக்குள் ஒரு குளிர்ச்சி! கதை நன்றாக இருந்ததா என்று ஒருவரும் கேட்டு எழுதியதாக நினைவில்லை.

பேருந்து ஓடாததால் கட்டு உளுந்தூர்பேட்டை லாரி அலுவலகத்தில் கிடந்தது. மொபெட்டில் போய் எடுத்துவந்தேன். எலவனாசூர்கோட்டையைத் தாண்டியதும் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள்.

“இன்னா வாத்தியாரே, கட்டுல வெடிகுண்டு எடுத்துக்கினு போறியா?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“டேய், அது படக்கத புக்குடா. கள்ளக்குறிச்சி கடைக்கார சாரு. வழி வுடுங்க” என்று சொல்லிக்கொண்டே கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னே வந்தார்.

களமருதூர் கலியமூர்த்தி. குத்தகை நிலம் உழுபவரின் மகன். பட்டம் படித்துவிட்டு, அரசு வேலைக்குத் தேர்வெழுதிக் காத்திருந்தவர். ஞாயிறுதோறும் எங்கள் கடையில் நின்றபடியே பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, மீதிக்காக அதை வாங்கிப் போவார். அன்று நான்கு பேர் என் மொபெட்டைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். கட்டை மட்டும் கலியமூர்த்தி யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே தலையில் வைத்துச் சுமந்துவந்து பின்னால் கட்டிவிட்டார்.

“அட்ட மடங்கிடப் போவுது சார். பாத்துப் போங்க.”

தியாகதுருகம் வரைக்கும் சாலையில் எரிந்த டயர்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே வரும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இந்தக் கட்டும் எரிந்திருந்தால்? பத்துக் கறுப்பு அட்டைகளும் சாம்பல் என்று மற்றவர்கள் நம்பினால்? பிறகு தீயில் தப்பியதாக ஒன்றே ஒன்றை நான் எடுத்துக் காட்டினால்!

கட்டைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை. மலையேறி, பள்ளியின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பள்ளிக்குத் தண்ணீர் எடுத்துவரும் அம்மாள், “பொட்டியில இன்னாங்க சார்?” என்று கேட்டார். பரீட்சைத் தாள் என்றேன். அதன்பிறகு அவர் அந்தப் பெட்டியைத் துடைக்கக்கூடத் தொடவில்லை.

மறியல்காரர்கள் கொளுத்திவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் அப்படியே எழுதினேன். அதோடு நின்றிருக்கும்... எங்கள் கடையில் ஓசியில் செய்தித்தாள் படிக்கும் ஏட்டு ஒருவர் இருந்தார். கதை அவர் காதுக்கும் போயிற்று.

“சார், ஒரு கம்ப்ளைண்ட் எழுதிக் குடுத்துடுங்க. மேலேர்ந்து கேட்டுக்கினே இருக்காங்க” என்றார்.

“கூட்டம்ங்க. யாருன்னு தெரியாது.”

“ஒரு பேருகூடவா தெரியாது? நூறு புள்ளைங்க பேர ஞாபகம் வச்சிக்கினு இருக்கற ஆளு நீங்க!”

தெரியாது என்றே நான் சாதித்திருக்கலாம். ஏன் சாதிக்கவில்லை? பல ஆண்டுகள் என்னையே கேட்டிருக்கிறேன். பெயர் சொல்லத் தயங்கினால் கட்டு எரிந்ததையே சந்தேகிப்பாரோ என்று பயந்தேன். அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். எனக்கு உதவி செய்ய முன்னே வந்தவரின் பெயர்!

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

கலியமூர்த்தியைப் பிடித்துப்போய்க் கடலூரில் சிறை வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஜாமீனில் வந்தார். காலப்போக்கில் மறியலில் பிடிபட்ட பலருடைய வழக்குகள் கைவிடப்பட்டன. அவருடையது தனி ஒருவரின் பொருளை எரித்த வழக்கு. அந்தப் பட்டியலில் சேரவில்லை. யாருக்காகப் போராடினார்களோ அவர்களுக்கு இட ஒதுக்கீடு வந்தது. அவர் எழுதிய தேர்விலும் தேறியிருந்தார். காவல்துறை விசாரணையில் வழக்கு நிலுவையில் இருப்பது தெரிந்து வேலை இல்லையென்றாகிவிட்டது.

எனக்கு எல்லாம் தெரியும். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். பேசாமல் இருந்தேன். அதே ஆண்டில் சேலத்துக்காரரிடம் ஒரு கறுப்பு அட்டையைக் கொடுத்து, அவர் பள்ளி நாளிலிருந்து சேர்த்த எண்பது பழைய புத்தகங்களை வாங்கிக்கொண்டேன். அவர் அழாத குறையாகக் கொடுத்தார். எனக்குக் கூச்சமாக இல்லை... மகிழ்ச்சியாக இருந்தது!

நான்கு ஆண்டுகள் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் ஏறி, முகம் சரியாக நினைவில்லை என்றேன். அவரை விடுவித்தார்கள். அதைப் பெரிய நற்செயல் என்றுகூட அன்று எண்ணிக்கொண்டேன். வெளியே வந்ததும் கலியமூர்த்தி என்னிடம் வந்தார்.

“தியாகதுருகத்தாண்ட வேற ஆளுங்க கொளுத்தியிருப்பாங்க. போலீசு என் பேர எழுதிக்கினா நீங்க இன்னா சார் பண்ணுவீங்க?” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. ஓய்வு பெற்றபின், படக்கதை சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னையும் சேர்த்தார்கள். ஒரு நாள் அதில் ஓர் இளைஞர் கறுப்பு அட்டையின் வரலாறு என்று எழுதியிருந்தார். கிடைப்பது ஏன் அரிது என்றால், களமருதூர் கலியமூர்த்தி என்பவர் கொளுத்திவிட்டாராம்... என் பொய் அங்கே வரலாறாகிவிட்டிருந்தது!

மறுநாளே எலவனாசூர்கோட்டைக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் களமருதூர் போனேன். அவர் நெல்வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவிதான் முதலில் பேசினார். “புக்கு கொளுத்தி பொண்டாட்டின்னுதான் இந்த ஊர்ல எனக்குப் பேரு. இவரு தல நரச்சப்புறம் வந்து சொல்றீங்களே, சோறு துன்னீங்களா இல்லியா இவ்ளோ நாளா?”

மீதியிருந்த ஒன்பது கறுப்பு அட்டைகளையும் கொடுத்தேன். கலியமூர்த்தி வாங்கவில்லை. “எழுதிக் குடுங்க சார். ஊர்ல காட்டணும்” என்று மட்டும் சொன்னார். இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு வழக்கறிஞரையும் பார்த்தேன். விடுதலையான வழக்கைத் திறந்து யாருக்கு என்ன பயன் என்றார் அவர்.

அந்த இரண்டு பக்கங்களையும் ஒன்பது அட்டைகளையும் படமெடுத்துக் குழுவில் போட்டேன். அரிது என்பதே பொய்யென்று தெரிந்தால் அதன் மவுசு போய்விடும் என்று நம்பினேன். இத்தனை வயதாகியும் எனக்குப் புரியவில்லை, பாருங்கள்! இப்படி ஒரு கதை உள்ள அட்டை வேறில்லை என்று விலை ஏறிவிட்டது. கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று என்னிடமே கேட்டு எழுதினார்கள். ஒன்றையும் நான் கொடுக்கவில்லை. எரித்துவிடலாமென்றால், சேலத்துப் பிரதி ஒன்றுதான் உலகில் மிஞ்சும்...

போன மாதம் கலியமூர்த்தி தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், அந்தக் காயிதத்தக் குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“சென்னையிலேர்ந்து கார்ல வந்தாரு. சேலத்துப் புக்கு இப்ப அவராண்டதான் இருக்குதாம். அதுக்குப் பக்கத்துல மாட்டி வைக்கப் போறாராம். எரிஞ்சுபோன கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டற அளவுக்குப் பணம் குடுத்தாரு.”

“ஊர்ல காட்டணும்னு வாங்கினீங்களே கலியமூர்த்தி!”

“காட்னேன் சார். டீக்கடையில வச்சேன். அவனவன் போனப் பாத்துக்கினு இருக்கான். அந்தக் காலத்து ஆளுங்க பாதி பேரு போய்ட்டாங்க. உக்காந்து ரெண்டு தடவ முழுசாப் படிச்சது இந்தக் கார்க்காரரு ஒருத்தருதான்.”

வேறொன்று எழுதித் தருகிறேன், ஊர்க் கூட்டத்தில் நானே வந்து படிக்கிறேன் என்றேன்.

“வேணாங்க சார். ரெண்டாவதா ஒண்ணு இருந்தா மொதலுக்கு மதிப்பு கம்மியாயிடுமாம். இனிமே உங்ககிட்ட எழுதி வாங்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கினு போயிருக்காரு. நீங்களும் எங்கியும் எழுதிடாதீங்க.”

சரி என்றேன்.

என்ன செய்வது... குழுவில் போட்ட படத்தைச் சேர்ப்பவர்கள் பார்த்ததோடு சரி; அந்தக் காகிதத்தை இனி அந்தக் கார்க்காரரின் வீட்டுக்கு வருபவர்கள் மட்டும்தான் படிப்பார்கள். அதனால் இதை எழுதினேன். கலியமூர்த்திக்குக் கொடுத்த வாக்கை அவருக்குத் தெரியாமல் முறித்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.