உள்ளே விடும் இரண்டு விரல்

இடது கை துணியை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை உடம்பின் அளவுக்குச் சோக்கால் ஒரு கோடு போட்டது. இரண்டு விரல் தள்ளி, வெளியே இன்னொரு கோடு. வெட்டுவது வெளிக்கோட்டில். நடுவில் நிற்கும் துணி சட்டைக்குள் மடிந்து கிடக்கும். உடம்பு பெருத்தால் தையலைப் பிரித்து விரித்துக்கொள்ளலாம். பர் துபாய் மீனா பஜாரில் பதினாறு வருடமாகத் தைக்கும் சிவமலர், அந்த இரண்டு விரலை இதுவரை எவருக்கும் குறைத்ததில்லை.

இன்று தைப்பது தங்கை பிரஷாந்திக்கும் சித்தப்பா மகள் தர்மிகாவுக்கும் சேலைச் சட்டை. பிரஷாந்தி நோர்வேயிலிருந்தும் தர்மிகா டெக்சாஸிலிருந்தும் காலையில் வந்து இறங்கியிருந்தார்கள். இரவு ஊருக்கு விமானம். யாழ்ப்பாணத்தில் அண்ணன் மகன் லக்சனுக்குக் கலியாணம். சிவமலருக்கு லீவு கிடைக்கவில்லை.

கடைக்குள் இருந்துகொண்டு இருவரும் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

“எங்கட வீட்டில அஞ்சு ரூம், ரெண்டு கார். சம்பளத்தில மாநில வரியும் இல்லை,” என்றாள் தர்மிகா. “நீங்கள் உழைக்கிறதை வரியாக் கட்டிப்போட்டு ஃபிளாட்டில கிடக்கிறியள்.”

“கட்டினா என்ன? பிள்ளை பிறந்தா எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு வருசம் சம்பளத்தோட லீவு. நீ ஒண்டரை மாசத்திலயே வேலைக்கு ஓடினனி. ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தே உனக்குப் பாதி வருத்தம் வரும்.”

“மூண்டு மணிக்கே இருட்டுற ஊரில இருந்துகொண்டு கதைக்கிறா பார்!”

“இருட்டெண்டாலும் என்ர பிள்ளையள் தனிய நடந்து பள்ளிக்கூடம் போகுதுகள். உங்க டெக்சாஸில கார் இல்லாட்டிப் பால் வாங்கவும் ஏலாது.” பிரஷாந்தி திரும்பினாள். “நீ சொல்லக்கா, எது நல்லம்?”

“நான் ரெண்டையும் போட்டோவிலதானே பார்த்தனான்.”

இருவரும் சிரித்தார்கள். நான்கு பெண்கள் கட்டில் போட்ட சிவமலரின் அறையும், வேலை போனால் கூடவே போய்விடும் விசாவும் அந்தச் சண்டையில் எந்தப் பக்கத்திலும் சேரவில்லை.

டெக்சாஸ் மேல் சிவமலருக்குக் கோபமில்லை. அது அவளைத் தேடி வந்ததே கிடையாது. நோர்வே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்டது அவளைத்தான். சாதகம் பொருந்தவில்லை என்றார்கள். ஆறு மாதத்தில் அதே மாப்பிள்ளைக்குத் தங்கையின் சாதகம் பொருந்திவிட்டது. அந்த ஒரு வருட லீவு, தனியாக நடந்து போகும் பிள்ளைகள், மூன்று மணி இருட்டுக்கூட, தன்னிடமிருந்து எடுத்ததுதான் என்று அவளுக்குத் தோன்றும்.

“அங்க தைக்க ஆளில்லையக்கா,” என்றாள் பிரஷாந்தி. “நீ தைச்சுத் தந்ததுகளைத்தான் பிரிச்சுப் பிரிச்சுப் பத்து வருசமாப் போடுறன்.”

தர்மிகாவின் துணியில் கத்தரிக்கோல் வெளிக்கோட்டில் போயிற்று. பிரஷாந்தியின் துணியில் உள்ளே வந்தது; தையலுக்கு வேண்டிய அரை விரல் அகலத்தை மட்டும் விட்டு மிச்சத்தைக் கீழே தள்ளியது.

நாலு மணிக்கு இருவரும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சுருக்கம் இல்லை. கழற்றிய தர்மிகா உட்புறத்தைத் திருப்பினாள்.

“எனக்கு ரெண்டு விரல் கிடக்கு. உன்ரையில ஒண்டுமில்லையேடி!”

பிரஷாந்தி தன்னுடையதைத் திருப்பிப் பார்த்தாள். “ஏனக்கா எனக்கு விடேல்லை?”

சிவமலர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “உனக்கு என்னத்துக்கு? நீ உன்ர கலியாண நாளண்டு இருந்தமாதிரித்தானே இப்பவும் இருக்கிறாய்.”

“கேட்டியோ!” என்று தர்மிகாவைப் பார்த்துப் பூரித்துப்போனாள் பிரஷாந்தி.

சிவமலர் மேசைக்கடியில் கிடந்த துணிக்கீற்றுகளைக் காலால் ஒதுக்கினாள். சட்டையை மடித்து, பையில் போட்டு, தங்கையின் கையில் கொடுத்தாள்.