இருபத்து மூன்றாவது துப்பாக்கி

மெஹராஜ் பேகத்தின் தையல் மெஷின் மக்கர் செய்தால் கடைக்குப் போகாது. மகள் நிலோபர் பத்து வயதிலேயே அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு மறுபடி பூட்டிவிடுவாள். அந்தக் கை வளர்ந்து, காவல்துறையில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் போய் நின்றது. பயிற்சியில் அவள்தான் முதல் இடம். இப்போது விழுப்புரத்தில் தலைமைக் காவலர்.

போன மாசி மாதம் அவளுக்குச் சொந்த ஊரான செஞ்சியிலேயே ஒரு வேலை வந்தது. அங்கே ஓர் அரசுக் கிடங்கில் சின்ன ஈயக் குண்டுகளைச் சிதறச் சுடும் ரவைத் துப்பாக்கிகள், ராணுவத்தின் பழையவை, கிடந்தன. யுத்த காலத்தில் பாலங்களுக்கும் தந்திக் கம்பங்களுக்கும் காவல் இருந்தவர்களிடம் கொடுத்துத் திரும்ப வாங்கியவை. எதை உருக்கலாம், எதைச் சுட முடியாதபடி செய்து காட்சிக்கு வைக்கலாம் என்று அவள் பார்த்து எழுதித் தர வேண்டும்.

கிடங்குப் பொறுப்பாளர் ராஜாங்கம் காலையிலேயே கதவைத் திறந்து வைத்திருந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் ராஜகிரி மலையிலிருந்து கீழே இறங்கவில்லை, அதற்குள் அவருக்கு வேர்த்திருந்தது. ஏன் என்று நிலோபருக்குச் சற்று நேரத்தில் தெரிந்துவிட்டது. பதிவேட்டில் இருபத்திரண்டு. சுவரோரம் சாத்தியிருந்தவை இருபத்து மூன்று. இரண்டு முறை எண்ணிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு ஜாஸ்தியா இருக்குது சார்."

"தெரியும்மா," என்றார் ராஜாங்கம். குரல் கீழே போயிருந்தது. "ஒண்ணு கொறஞ்சா திருடிட்டான்னு சொல்லுவாங்க. ஜாஸ்தியா இருந்தா இன்னான்னு சொல்லுவாங்க?"

ஆறு வருடம் முன்பு பொறுப்பேற்ற அன்று எண்ணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். மறுவாரம் எண்ணிப் பார்த்ததிலிருந்து நிம்மதி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. எந்தத் துப்பாக்கியையும் தொட்டதும் இல்லை. ஓய்வு பெற நான்கு மாதம்தான் பாக்கி. கணக்கில் வராத ஆயுதம் என்று ஒரு விசாரணை வந்தால் பென்ஷன் நின்றுபோகும் என்று பயந்துபோயிருந்தார்.

முதலில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம், பிறகு பேசலாம் என்றாள் நிலோபர். ஒவ்வொன்றாக மேசைக்கு எடுத்து வந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலை நடுவில் மடக்கித் திறந்து டார்ச் வெளிச்சத்தை உள்ளே விட்டாள். அவள் சொன்ன எண்களை அலுவலக உதவியாளர் கலைவாணி எழுதிக்கொண்டாள். ஒன்பது குழல்களில் துருவே அடைத்திருந்தது. ஒன்றில் குளவி மண்கூடு கட்டிக் குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. ஐந்து மட்டும், எண்ணெய் போட்டுத் துடைத்ததும், நேற்று வந்தவைபோல மின்னின. அவற்றைத் துடைக்கும்போது அவள் தன்னை அறியாமல் ஏதோ பாட்டு முனகினாள்.

மதியத்துக்கு மேல் மூலையில் இருந்த கடைசித் துப்பாக்கியைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கினாள். ராஜாங்கம் வாசலிலிருந்து ஓரடி பின்னால் போனார். குழல் மடங்கவில்லை. வாய்ப்பக்கம் கம்பியை விட்டாள். ஒரு சாண் போய் முட்டிக்கொண்டது. எண் எங்கேயும் வெட்டியிருக்கவில்லை. தோளில் வைக்கும் பின்கட்டைக்கு அடியில் இருந்த தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினாள். உள்ளே மரத்தில் உளியால் செதுக்கிய எழுத்து: "கன்னியப்பன் ஆசாரி. டிரில்லுக்கு மட்டும்."

அவள் அதை இரண்டு கையாலும் ராஜாங்கத்திடம் நீட்டினாள். அவர் வாங்க மறுத்தார்.

"புடிங்க சார். இது வெறும் கட்டை. முனையில மட்டும் ஒரு சாண் இரும்புக் குழாய், மிச்சமெல்லாம் கறுப்பு பெயிண்ட்."

ராஜாங்கம் மெதுவாக வாங்கினார். எடை போட்டுப் பார்த்தார். கதவில் தட்டிப் பார்த்தார், மரச்சத்தம்தான் வந்தது. கலைவாணியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை, நோட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இந்தக் கட்டைக்கா ஆறு வருஷம் பிரஷர் மாத்திரை சாப்ட்டேன்?" என்றார்.

அன்று எல்லாருக்கும் போண்டாவும் டீயும் அவர் செலவு. நிலோபர் அறிக்கையில் எழுதினாள்: ரவைத் துப்பாக்கிகள் இருபத்திரண்டு, அவற்றில் ஐந்து காட்சிக்குத் தகும். பயிற்சிக்கான மரச்சாமான் ஒன்று; ஆயுதம் அல்ல. மேலிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆசாரி செய்த துப்பாக்கியை உடைந்த பெஞ்சுகளின் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். நிலோபருக்கு அதில் மட்டும் வருத்தம். மூட்டுகளில் ஆணியே அடிக்காமல் பொருத்தியிருந்தார் அந்த மனிதர்.

ராஜாங்கத்தின் பணி ஓய்வு விழாவுக்கு அவளையும் அம்மாவையும் அழைத்திருந்தார்கள். ராஜாங்கம் மாலையோடு மைக்கைப் பிடித்து அந்தக் கதையைச் சொன்னார். அவர் சொன்னதில் துப்பாக்கிகள் ஐம்பதாகியிருந்தன, அவரும் பயப்படவே இல்லை. மெஹராஜ் பேகம் மகளை முழங்கையால் இடித்தார். நிலோபர் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு பலமாகக் கைதட்டினாள்.