அண்ணி அடித்த மர ஆணி

பக்கத்து வீட்டுச் சிறுமி, கை கழன்ற மரப்பொம்மையோடு எங்கள் பட்டறை வாசலில் நின்றாள். பின்னாலேயே அவள் அம்மா, ஓங்கிய கையோடு. அண்ணி பொம்மையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இழுத்த இழுப்பில் ஆணியே முறிந்திருந்தது. எனக்கே தெரிந்தது, அண்ணிக்குத் தெரியாதா? ஆனாலும், "புள்ள மேல தப்பில்லம்மா, நான் அடிச்ச ஆணி சரியில்ல" என்று சொல்லி, அங்கேயே வேறு ஆணி போட்டுக் கொடுத்தார். ஓங்கிய கை இறங்கியது.

அண்ணன் கடைசல் பிடித்து, தலையும் உடம்பும் ஒரே கட்டையில் உருட்டி எடுப்பார். நான் முகம் எழுதுவேன். மூட்டெல்லாம் அண்ணி பொறுப்பு. பொம்மைக் கையின் மேல்நுனியை நாக்கு போலச் செதுக்கி, தோளில் வெட்டிய பள்ளத்தில் செருகி, இரண்டையும் சேர்த்துத் துளையிட்டு மர ஆணி அடிப்பார். ஆணி இறுகினால்தான் தூக்கிய கை தூக்கியபடி நிற்கும்.

ஒரு தடவை பழம்பொருள் கடைக்காரர் ஒரு பொம்மை கொண்டுவந்தார். அவர் தாத்தாவுக்கும் மூத்ததாம். அதன் கையை எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நின்றது. அதே மாதிரி ஒரு பெட்டி நிறையச் செய்யச் சொன்னார். செய்து கொடுத்தோம். வெயில் காலம் முடிவதற்குள் பெட்டி திரும்பி வந்தது. அத்தனை கைகளும் தொங்கிக் கிடந்தன. இன்னும் ஒரே ஒரு முறை பார்ப்பேன், அப்புறம் வேறு ஆளிடம் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

அண்ணன் இரும்புக் கம்பி கோத்துவிடலாம் என்றார். "கை தொங்குனா என்ன, அது பாத்திரமா கழுவப் போகுது?"

"நீங்க மட்டும் கழுவுறீங்களாக்கும்" என்றார் அண்ணி, தலை நிமிராமல். கம்பி துருவேறினால் மரம் வெடிக்கும். பழைய பொம்மையில் கம்பி இல்லை, அதனால் இதிலும் இல்லை. அதோடு பேச்சு முடிந்தது.

திரும்பி வந்த பொம்மை ஒன்றின் ஆணியை அண்ணி விரலால் தள்ளினார். சுத்தியலால் அடித்து ஏற்றியது, வழுக்கிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பிடிபட்டது. கை கால் கட்டைகளை அடுப்புக்கு மேல் பரணில் மாதக்கணக்கில் காய வைத்திருந்தோம். ஆணியை மட்டும், சீவுவதற்குச் சுளுவாக இருக்கிறதென்று பச்சைக் கிளையில் சீவியிருந்தோம். உள்ளே போன பிறகு அது காய்ந்து சுருங்கிவிட்டது.

எல்லா ஆணியையும் பிடுங்கினார். புதிதாகச் சீவியவற்றை அடுப்போரம் பரப்பினார். தட்டில் போட்டால் கிண்ணென்று கேட்கும்வரை யாரையும் தொட விடவில்லை. கடைக்காரர் ஆள் அனுப்பினார், அண்ணன் குதித்தார், அண்ணி அசையவில்லை. நான் ஆண்டவனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணியும் வேண்டினார், ஆணிகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டே.

காய்ந்த ஆணிகளை அடித்து அனுப்பிய பெட்டி, அடுத்த வெயிலில் திரும்பி வரவில்லை. கடைக்காரர்தான் வந்தார், இன்னொரு பெட்டி கேட்டு.

அண்ணி படுக்கையில் விழுந்தபின் ஆணி வேலை என் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, வண்டியில் உட்கார வைத்ததும் என் கையைப் பிடித்தார். அவர் திரும்பி வரப் போவதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

"கை கழண்ட பொம்மையோட எந்தப் புள்ள வந்தாலும் திட்ட விடாத. முதல்ல ஆணியப் பாரு" என்றார்.