காகிதம் சுற்றாத மிட்டாய்

அந்த வெள்ளிக்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. காலையில் சாம்பிள் தட்டில் டீத்தூளைப் பரப்பியபோது, நடுவே நகக்கண் அளவில் பச்சையாக ஒன்று மின்னியது. மிட்டாய்க் காகிதத்தின் துணுக்கு.
2. எங்களிடம் தூள் வாங்குபவரிடமிருந்து போன். அவருக்குப் போன சாம்பிளிலும் அதே பச்சை.
3. மேனேஜர் உத்தரவு போட்டார்: திங்கள் முதல் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் மடியில் மிட்டாய் இருக்கிறதா என்று சோதனை போட வேண்டும்.
4. சோதனை போடுவது க்வாலிட்டி கன்ட்ரோல் பிரிவின் வேலை. அந்தப் பிரிவில் இருப்பது நான் ஒருத்திதான்.

குன்னூருக்கு மேலே இருக்கும் எஸ்டேட் இது. ஃபுட் டெக்னாலஜி படித்துவிட்டு இங்கே சேர்ந்திருந்தேன். மடியைச் சோதிக்க எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பறிக்கும் பெண்கள் சார்பில் எப்போதும் பேசுவது ராசம்மா அக்கா. இலங்கையிலிருந்து வந்த குடும்பம். மிட்டாயை ‘டொபி’ என்றுதான் சொல்வார்.

“காலையில பனி மூஞ்சில அடிக்குது மிஸ்ஸு, தொண்ட கம்மிப் போவுது. ஒரு டொபிய வாயில போட்டாத்தான் அடுத்த நிறைச் செடிக்குக் கை போவும். அதுக்கு எங்க மடிய அவுத்துக் காட்டணுமா? அப்படின்னா திங்கக்கிழம ஒருத்தியும் மலைக்கு ஏற மாட்டோம்.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “மொதல்ல மிஸ்ஸு அவங்க ஹேண்ட்பேக்கத் தொறக்கட்டும்!”

திறந்தேன். உள்ளே பச்சைக் காகிதத்தில் இரண்டு மிட்டாய். அங்கே எழுந்த சிரிப்பு ஃபேக்டரி வரை கேட்டிருக்கும். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தபோதுதான் தோன்றியது: டீயில் விழுவது மிட்டாய் இல்லை, காகிதம். பிரிக்கும்போது கிழிகிற மூலை கொழுந்துப் பைக்குள் போகிறது. காகிதமே இல்லாத மிட்டாய் கொடுத்தால்?

மேனேஜரிடம் போய் யோசனையைச் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர். “ஏனுங்க மேடம், நாம டீ ஃபேக்டரி நடத்தறமா, மிட்டாய்க் கடை நடத்தறமா?” என்றார். பிறகு, “சரிங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. அவங்க வாங்கித் தின்னாத்தான் ஆச்சு. இல்லீன்னா செக்கிங்தானுங்க.”

சனிக்கிழமை எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையைக் கேட்டு வாங்கினேன். துணைக்கு ராசம்மா அக்கா வந்தார். இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு. சர்க்கரை கரைந்தபின் கிளறக் கூடாது. கிளறினால் திரும்பவும் மணல் மணலாகிவிடும். பாகு 150 டிகிரிக்கு வந்ததும் இறக்க வேண்டும் என்று என் பாடக் குறிப்பு சொன்னது. லேப் தெர்மாமீட்டரைப் பிடித்தபடி நின்றேன். 150 வருவதற்குள் பாகு பழுப்பேறி, இஞ்சி கருகி, புகை வந்துவிட்டது.

ராசம்மா அக்கா எட்டிப் பார்த்தார். “இது டொபியா, தாரா? ரோடு போடலாம் மிஸ்ஸு.”

தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஐஸ் தண்ணீரில் வைத்தேன்; சரியாகப் பூஜ்யம். கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன். தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் 94-ஐத் தாண்டவில்லை.

சமையலறையிலேயே ஒரு குதி குதித்தேன். கெட்டது தெர்மாமீட்டர் இல்லை, நாங்கள் இருப்பது மலை! உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தண்ணீருக்கு நூறில் ஆறு குறைந்தால், பாகுக்கும் 150-இல் ஆறு குறைய வேண்டும்.

“என்னாச்சு மிஸ்ஸு, சுட்டுக்கிட்டீங்களா?”

“இல்லக்கா! நூத்தி நாப்பத்தி நாலு!”

“அது என்ன, பஸ் நம்பரா?”

அடுத்த பாகை 144-இல் இறக்கினேன். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டேன். டங்! இஞ்சிச் சாற்றை இந்தத் தடவை இறக்கிய பிறகே விட்டேன். நெய் தடவிய தட்டில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் கத்தியால் கோடு போட்டேன். (பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.) கண்ணாடி போல், தேன் நிறத்தில் வந்தது.

அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ஜன்னல் வழியாக மூடுபனி வந்து எல்லாம் பிசுபிசுத்துவிட்டது. மூன்றாவது தடவை, உடைத்த உடனே பொடித்த சர்க்கரையில் புரட்டி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினோம்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போனேன். ராசம்மா அக்கா ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். சுற்றி நின்றவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“காரம் பத்தாது.”

இனி செக்கிங்தான் என்று டப்பாவை மூடப் போனேன். அவரோ டப்பாவுக்குள் கைவிட்டு ஐந்தாறை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். “அடுத்த தடவ இஞ்சி கூடப் போடுங்க.” அதற்குப் பிறகு டப்பா என் கைக்குத் திரும்பி வரவில்லை.

காலி டப்பாவை மறுநாள் மேனேஜர் மேசையில் வைத்தேன். திறந்து பார்த்தவர், “எனக்கு ஒண்ணுகூட வெக்கலீங்களா?” என்றார்.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரே விஷயம்: குறிப்பில் இருக்கும் டிகிரி, எழுதியவரின் ஊருக்கு. முதலில் உங்கள் அடுப்பில் தண்ணீர் எத்தனையில் கொதிக்கிறது என்று பாருங்கள். நூறில் எவ்வளவு குறைகிறதோ, அதைப் பாகிலும் குறையுங்கள்.

இப்போதைய நிலை: மடிச் சோதனை ஒருநாளும் நடக்கவில்லை. சனிக்கிழமைதோறும் மிட்டாய் காய்ச்சுகிறோம், இஞ்சி கூடுதலாகப் போட்டு. சாம்பிள் தட்டில் பிறகு காகிதம் வரவில்லை. மழை மாதங்களில் மட்டும் டப்பாவுக்குள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்கிறது. அதற்கு வழி இன்னும் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.