நாக்கை நீட்டிய பௌலர்

யுத்தம் முடிந்த சமயம். பம்பாயில், மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். என் அறைத் தோழனுக்கும் அதே ஆபீஸ்தான். வாரமெல்லாம் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவன், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பேண்ட் மாட்டிவிட்டால் ராஜா. ஆபீஸ் கிரிக்கெட் டீமில் அவன் ஸ்பின் பௌலர். நான் விக்கெட் கீப்பர்.

அந்த சீசனில் அவனை எல்லா டீமும் துவைத்து எடுத்தது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒழுங்காகப் போடு, மனசு வைத்துப் போடு. இதைக் கேட்டு எவன் பந்து திரும்பும்? கடைசியில் கேப்டன், அடுத்த ஞாயிறும் அடி வாங்கினால் டீமில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அன்று மெஸ்ஸில் ரசம் சாதத்தைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

காரணம் எனக்குத் தெரியும். பந்தைத் திருப்பப் போகும்போதெல்லாம் அவன் நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். நேர்ப் பந்து என்றால் வாய் இறுக மூடியிருக்கும். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கிற எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. போன ஞாயிறு மேட்சில் எதிரணி ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டே நாக்கை நீட்டிக் காட்டியபோதுதான், ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று உறைத்தது.

ஆபீஸ் போகிற ரயிலில் சொன்னால் பெட்டியே சிரிக்கும். ஆள் ரோஷக்காரன் வேறு. அதனால் மறுநாள் விடிந்ததும் ஒரு பந்தோடு அவனை மைதானத்துக்கு இழுத்துப் போனேன். பந்து அவன் கையை விட்டுக் கிளம்பும் முன்பே "திரும்பும்", "நேர்" என்று கூவினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"என்னடா இது, ஜாதூவா, மந்திரமா?" என்றான்.

"உன் நாக்குதாண்டா சொல்றது!"

முகம் சிவந்துவிட்டது. பந்தை வீசி எறிந்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பந்து அபாரமாத் திரும்பறது. கையில ஒரு குத்தமும் இல்லேடா" என்றேன். அது முகஸ்துதி இல்லை, சத்தியம்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்துவந்து, வாயை மூடிக்கொண்டு போட்டான். பந்து திரும்பவே மறுத்தது! எனக்குப் பகீரென்றது. நல்லது செய்யப் போய் இருந்ததையும் கெடுத்துவிட்டேனோ?

அவனோ திடீரென்று சிரித்தான். "உள்ளே வெச்சுக்க முடியலேன்னா போறது. நேர்ப் பந்துக்கும் நீட்டிட்டா?"

அந்த வாரம் முழுக்க, ஆபீசுக்குக் கிளம்பும் முன் அதையே பழகினோம்.

ஞாயிறு வந்தது. எதிரணியின் பெரிய புள்ளி மட்டையோடு நின்றார். நாக்கு தெரிந்தது, பந்து திரும்பியது, அவர் அதை பவுண்டரிக்கு விரட்டிவிட்டு நிதானமாகச் சிரித்தார். மறுபடி ஓடி வந்தான். மறுபடி நாக்கு. அவர் திரும்பும் என்று மட்டையைக் கொண்டுபோனார். பந்து கோடு போட்ட மாதிரி நேரே வந்து நடு ஸ்டம்பைப் பெயர்த்து என் காலடியில் போட்டது!

அப்புறம் அந்த டீமில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. முக்கால்வாசிப் பேரை அவனே சுருட்டினான். இடமில்லை என்ற அதே கேப்டன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். தோளில் இருந்தபடியே அவன் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, நாக்கை முழுசாக நீட்டிக் காட்டினான். ஜெயித்தது நான்தான் என்பதுபோல் தொண்டை கிழியக் கத்தினேன்.

பிறகு எத்தனையோ பேரிடம் குறை சொல்ல வேண்டி வந்திருக்கிறது. "ஒழுங்காகச் செய்" என்று சொல்ல நான் வாயெடுக்கும் போதெல்லாம், ஆளைத் தனியே அழைத்துப் போய், குறை எங்கே என்று காட்டிவிட்டு, கோபம் தணிகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திரு என்றுதான் மனசு சொல்கிறது.