ரிக்கே பார்க்காத முதல் மணி நேரம்

இது டென்மார்க்கின் ஒடென்ஸேயில், என் வீட்டில் நடந்தது. சாட்சி கேட்டால் என் மகள் ஏலின் மட்டும்தான். அவளுக்கு மூன்று மாதம்.

காலையில் எழுந்து புட்டியைக் கொதிக்க வைப்பேன். பால் கலந்து கொடுப்பேன். எனக்குக் கறுப்பு ரொட்டி, காபி. பிறகு ஏலினைக் குழந்தை வண்டியில் போர்த்திப் படுக்கவைத்து முற்றத்தில் விடுவேன். பனிக்காலத்திலும் எங்கள் ஊர்க் குழந்தைகள் பகலில் வெளியில்தான் தூங்கும். சமையலறை சன்னல் வழியே பார்த்துக்கொள்வேன். என் மனைவி ரிக்கே இருந்தபோதும் இதெல்லாம் என் வேலைதான். அவள் குழந்தையைத் தொடவே தயங்கினாள்.

பிரசவத்தில் அவசர அறுவை. முழு மயக்கம். குழந்தை பிறந்ததை அவள் பார்க்கவில்லை. முதல் ஒரு மணி நேரம் ஏலின் பக்கத்து அறையில், என் வெற்று மார்பின் மேல் கிடந்தாள். வேறு யாரும் இல்லை என்றேன். ரிக்கே நம்பவில்லை. தினமும் கேட்டாள்.

"உன்கூட யாரு இருந்தா? பொய் சொல்லாத."

மயக்கத்தில் பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு இப்படி மனம் ஒட்டாமல் போகும், நாளாவட்டத்தில் சரியாகும் என்றார் வீட்டுக்கு வரும் செவிலி லோனா. நாள் கிடைக்கவில்லை. மூன்றாம் வாரம் நுரையீரலில் இரத்தக்கட்டி. ரிக்கே போய்விட்டாள்.

போன மாதம் ஒரு செவ்வாய். காலை 9.40. வண்டி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் அப்படி விடவில்லை. கீழ்வீட்டுக் கிழவர் பிரேபன்மேல் சந்தேகம். கேட்டேன். அவர் தன் வாக்கரைத் தட்டிக் காட்டினார்.

"என்னைத் தள்ளவே ஆள் தேடிட்டிருக்கேன்டா, நீ வேற."

மறுநாள். மறுபடியும் 9.40.

கிறீச்... கிறீச்...

வண்டி ஆடியது. காற்று இல்லை.

ஓடினேன். பிரேக் போட்டபடியே இருந்தது. கைப்பிடி முழுக்க உறைபனி. இரண்டு இடத்தில் மட்டும் இல்லை... உள்ளங்கை அகலத்துக்கு.

தொட்டேன்.

சூடு.

அன்றிலிருந்து வண்டியை வெளியே விடுவதில்லை.

பிரசவத்தைப் பற்றித் தாயோடு உட்கார்ந்து பேச மருத்துவச்சி ஒரு நாள் கொடுப்பார். ரிக்கேவுக்குக் கொடுத்த நாளில் நான் போனேன். அவர் கண் கலங்கினார். ஏலினைக் கொஞ்சினார். பிறகு கேட்டார்.

"உங்கம்மா எப்படி இருக்காங்க? அன்னைக்கு உங்க பக்கத்துலயே உக்காந்திருந்தாங்களே. நீங்க கண்ணசந்தப்போ பாப்பாவை அவங்கதான வெச்சிருந்தாங்க."

என் அம்மா இறந்து ஆறு வருடம். ரிக்கேயின் அம்மா அன்று ஊரிலேயே இல்லை.

நான் கண்ணயர்ந்தேனா... நினைவில்லை.

ஆம்புலன்சில், ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு ரிக்கே கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நான் தூங்கினதும் அவ குழந்தைய எடுத்துட்டா. நீ தூங்கிடாத."